ஆள் நின்ற இடம்

ஒரு புகைப்படத்திலிருந்து ஆளை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்ட பிறகு அந்த ஆள் நின்ற இடத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி, விடை கண்டாக வேண்டுமென்ற அவசரம் ஏதும் இல்லாமலே, சில காலமாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. கேள்வி அற்பமானது என்பது எனக்கும் தெரியும். கம்ப்யூட்டர் திரையைப் பொறுத்த வரையில் அங்கே இருப்பவை சாம்பலும் வெள்ளையுமான சின்னச் சின்னக் கட்டங்கள். 'இங்கே ஒன்றுமில்லை' என்று தெரிவிப்பதற்காக ஃபோட்டோஷாப் வகுத்துக்கொண்ட சம்பிரதாயம் அது. சூன்யத்துக்கும் ஓர் உருவம் கொடுத்தாக வேண்டிய நிர்ப்பந்தம் யந்திரத்துக்கு. செம்பட்டியில் வத்தலக்குண்டு சாலையிலும் திண்டுக்கல் சாலையிலும் இருக்கிற ஃபிளக்ஸ் கடைகளில், காதணி விழாவுக்காகத் தாய்மாமன்களும், பூப்புனித நீராட்டு விழாவுக்காகப் பெண் குழந்தைகளும், கல்யாணத்துக்காக மாப்பிள்ளையின் சிநேகிதர்களும், கண்ணீர் அஞ்சலிக்காக இறந்துபோனவர்களும் நாள்தோறும் இப்படி வெட்டி எடுக்கப்படுகிறார்கள்; அவர்கள் நின்ற தென்னந்தோப்பும், மாட்டுக்கொட்டகையும், துணி காயும் கொடியும் அதே க்ஷணத்தில் குப்பைக்குப் போய்விடுகின்றன. கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. எட்டடிக்குப் பத்தடிப் பலகையில் மாட்டுக்கொட்டகைக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஆனால் ஒரு மனிதனை அவன் நின்ற பூமியிலிருந்து பிரித்து, கதிர் வீசும் ஆகாயத்துக்கு முன்போ, அவன் ஆயுளில் கண்டிராத பனிமலைக்கு முன்போ நிறுத்துகிற இந்தக் காரியம் எவ்வளவு இயல்பாகிவிட்டதென்றால், மிஞ்சுகிற ஓட்டையைப் பற்றி விசாரிப்பவனுக்குத்தான் புத்தி பிசகிவிட்டதோ என்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, கைக்கும் கண்ணுக்கும் ஏதாவது ஓர் அப்பியாசம் இருக்கட்டுமென்று இந்த வித்தையைக் கற்கப் புகுந்தவன் நான். குருவாக வாய்த்தவன், பாலிடெக்னிக் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஃபிளக்ஸ் கடையில் டிசைனராக உட்கார்ந்திருக்கும் ஓர் இளைஞன். அவன் முதலில் சொல்லிக்கொடுத்தது வெட்டுவதைத்தான். பென் டூலை எடுத்து, காதோரத்தில் ஒரு புள்ளி, தோளில் ஒரு புள்ளி என்று வைத்து, இரண்டுக்கும் நடுவிலுள்ள கோட்டை இழுத்து வளைத்து, உடம்பின் எல்லையோடு அது ஒட்டிப் போகிற வரையில் பொறுமையாக இருப்பது. பிறகு விளிம்பு கத்தரித்தாற்போல் தெரியாதிருக்க ஓரிரு பிக்ஸல் ஃபெதர் கொடுப்பது. எண்ணெய் தடவிப் படிய வாரிய தலை சுலபம் என்றும், தலைக்குக் குளித்து உலரவிட்ட கூந்தல் மகா கஷ்டம் என்றும் அங்கேதான் அறிந்தேன். மனிதன் எங்கே முடிகிறான், காற்று எங்கே ஆரம்பமாகிறது என்று தீர்மானிக்க முடியாத ஒரு பிரதேசம் எல்லார் தலையைச் சுற்றியும் இருக்கிறது. மேற்கொண்டு படிப்பதற்கு யூடியூபில் தமிழிலேயே பாடங்கள் ஏராளமாகக் கிடைத்தன. படத்தை ஒரே சொடுக்கில் பென்சில் சித்திரமாக்குவது, முகத்தில் பாதியைத் தூளாக்கிப் பறக்கவிடுவது, பகலை இரவாக்குவது என்று 'கிரியேட்டிவ்' என்ற பெயரில் அவை கற்பிக்கிற எதிலும் எனக்கு அதிக நேரம் மனம் தரிக்கவில்லை. அவற்றில் கற்பனை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கற்பனையைச் செய்தவன் ஃபில்டரை எழுதிய எஞ்சினியர், நாம் பொத்தானை அழுத்துகிறோம். (எஞ்சினியர் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஃபோட்டோஷாப் திறக்கும்போது தோன்றி மறையும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரை அந்நாளைய டி.டி.பி. கடைகளில் உட்கார்ந்த யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மிச்சிகன் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி மாணவராக இருந்த தாமஸ் நோலும், சினிமாத் தந்திரக் காட்சிகள் செய்துகொண்டிருந்த அவர் சகோதரர் ஜான் நோலும் 1987-இல் தொடங்கி, 1990 பிப்ரவரியில் அடோபி கம்பெனி விற்பனைக்கு விட்ட சரக்கு அது. ஜான் நோல் அதன் சாமர்த்தியத்தைக் காட்ட எடுத்துக்கொண்ட படம், போரா போரா தீவின் கடற்கரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் தம் வருங்கால மனைவியுடையது. ஆளைப் பிரதி எடுப்பதும் பெயர்த்து வைப்பதும் ஆரம்பத்திலேயே இந்த வித்தையோடு ஒட்டிக்கொண்டு வந்தவைதாம்.)

என் பெரியம்மா காலமானபோது அஞ்சலிப் பலகைக்கு அகப்பட்டது ஒரே ஒரு படம். சித்தையன்கோட்டைப் பக்கத்தில் அவள் வாழ்ந்த வீட்டின் முற்றத்தில், சுண்ணாம்படித்த சுவருக்கு முன்னால், உரலுக்குப் பக்கத்தில், கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நிற்கிறாள். கொடியில் ஒரு சின்னாளபட்டிச் சுங்குடி காய்கிறது. இளைஞன் சில நிமிஷங்களில் அவளை வெட்டி, குத்துவிளக்குக்கும் தாமரைப் பூவுக்கும் நடுவே அந்தரத்தில் நிறுத்திவிட்டான். மிச்சத்தை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்டு, அந்த ஃபைலை நான் வாங்கிக்கொண்டேன். உரல் இருந்தது, கொடி இருந்தது, நடுவில் பெரியம்மாவின் உருவத்தில் கட்டம் கட்டமாக ஓர் ஓட்டை. அந்த ஓட்டைக்குப் பின்னால் இருந்த சுவரை மறுபடி எழுப்புவது என்று தோன்றிய நாளிலிருந்துதான் எனக்கு இந்த மென்பொருளில் உண்மையான சிரத்தை பிறந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குரிய கருவி குளோன் ஸ்டாம்ப். ஆதியில் அதற்கு ரப்பர் ஸ்டாம்ப் என்று பெயர். ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சுவரில் நல்ல இடம் ஒன்றைத் தொட்டுவிட்டு, பிறகு ஓட்டையில் தடவினால், தொட்ட இடத்தின் பிரதி தடவிய இடத்தில் படிகிறது. கை நகர நகர, ஒரு சின்னக் கூட்டல் குறி மூல இடத்தில் கூடவே நகர்ந்து, இப்போது எதிலிருந்து எடுக்கிறாய் என்று காட்டிக்கொண்டே வருகிறது. இந்தக் கூட்டல் குறியை நான் பின்னால் மறுபடி நினைக்க நேர்ந்தது. வேலை பார்வைக்குச் சுலபம். ஆனால் சாயங்கால வெயில் மேற்கிலிருந்து விழுந்த சுவர் அது. இடது பக்கத்துச் சுண்ணாம்பை எடுத்து வலது பக்கத்தில் வைத்தால் மதிய வெளிச்சம் ஒட்டுப்போட்டாற்போல் தெரிகிறது. கூரையிலிருந்து மழைநீர் வழிந்த கறை ஒன்றைச் சேர்த்து எடுத்துவிட்டால், அதே கறை அதே வளைவோடு ஒரு முழம் தள்ளி இன்னொரு தடவை நிற்கிறது; பார்க்கிறவனுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் கண் அங்கே இடறுகிறது. எந்தச் சுவரும் தன்னைத் தானே திருப்பிச் சொல்வதில்லை. அடியில் ஓடிய காவிப் பட்டை நேர்கோடல்ல, பூசியவளின் கை எட்டிய வரையில் ஏறியும் கை சலித்த இடத்தில் இறங்கியும் போகிறது என்பதை, அந்த முற்றத்திலேயே விளையாடி வளர்ந்த நான், திரையில் அதை நானூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்டேன்.

சுவர் ஒருவாறு எழும்பிய பிறகு, இன்னொரு சங்கடம் வெளிப்பட்டது. ஆளை வெட்டியவன் ஆளின் நிழலை வெட்டவில்லை. பெரியம்மாவின் காலடியில் தொடங்கி, சாணம் மெழுகிய தரையில் வலப்புறமாக நீண்டு, சுவரைத் தொட்டதும் மடங்கி, இடுப்புயரம் வரையில் ஏறி நிற்கிறது அது. அஞ்சலிப் பலகையிலோ, அவளுக்கு டிராப் ஷேடோ என்ற தயார் நிழல் ஒன்று கொடுக்கப்பட்டிருந்தது. மென்பொருள் எந்தக் கோணத்தில் கொடுத்ததோ அந்தக் கோணத்தில், எந்தச் சூரியனுக்கும் கட்டுப்படாத நிழல். சொந்த நிழல் ஒரு ஃபைலிலும் இரவல் நிழல் ஒரு ஃபைலிலுமாக அவள் பங்கு பிரிந்துவிட்டாள். "நிழலையும் தூக்கிரலாம் சார், ரெண்டு நிமிஷம்" என்றான் இளைஞன், தூக்கியும் காட்டினான். முற்றம் பளிச்சென்று ஆயிற்று. விற்பனைக்கு வந்த வீட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு. கண்ட்ரோல் இசட் போட்டு நிழலைத் திரும்பக் கொண்டுவந்தால், பேய்க்கதைக்குப் போட்ட சித்திரம்போல் ஆகிவிடுகிறது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஒரு வித்தியாசம் எனக்குப் புலனாயிற்று. நிழல் விழுந்த தரையைக் காமிரா பார்த்திருக்கிறது. மங்கலாகப் பார்த்திருக்கிறது, அவ்வளவுதான். சாணத்தில் விரல்கள் இழுத்த அரைவட்டங்கள் நிழலுக்கடியிலும் தெரிகின்றன. அவள் முதுகுக்குப் பின்னாலிருந்த சுவரையோ காமிரா பார்க்கவேயில்லை. அதைப் பார்த்த சாட்சி எதுவும் இல்லை. ஆகவே ஒன்றைத் திருத்துவதும் மற்றொன்றை நிரப்புவதும் ஒரே கருவியால் ஒரே கை செய்கிற வேலையானாலும், ஒரே வேலையல்ல. நிழலை விட்டுவைத்தேன். பேய்க்கதையானாலும் ஆகட்டும், பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்குப் பிரியமில்லை. சுவரை மட்டும் நிரப்பினேன். பார்க்காத ஒன்றை இப்படி இட்டு நிரப்ப எனக்கு என்ன அதிகாரம் என்ற சந்தேகம் அதோடு தீர்ந்தபாடில்லை.

இந்தச் சந்தேகம் புதிதல்ல, படம் பிடிக்கும் கலை நம் பக்கம் வந்த காலத்திலேயே அதுவும் கூட வந்திருக்கிறது என்று எண்ணிச் சற்று ஆறுதல் கொள்கிறேன். சென்னை ராஜதானியின் சர்க்கார் புகைப்படக்காரராக 1856-இல் நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி, 1858-இல் மதுரைக்கு வந்து, திருமலை நாயக்கர் மகாலையும் தெப்பக்குளத்தையும் மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ்களில் பிடித்தார். அந்நாளைய ரசாயனம் நீல வெளிச்சத்துக்கு வேண்டிய அளவுக்கு மேல் இணங்கும் ஸ்வபாவமுடையது. கட்டடத்துக்குப் போதுமான நேரம் லென்ஸைத் திறந்துவைத்தால் வானம் முழுக்க வெளுத்துப்போய், மேகம் இருந்தாலும் பதியாது. டிரைப் தம் நெகட்டிவ்கள் பலவற்றில் வண்ணத்தைப் பூசி மேகங்களையும், காற்றில் ஆடிக் குழம்பிப்போன இலைகளையும் கையால் எழுதிச் சேர்த்தார். அதே மனிதர் அதே வருஷம் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து, ஓர் எழுத்தும் விட்டுப்போகாதபடி சுமார் பத்தொன்பதடி நீளத்துக்கு ஒட்டிக் கொடுத்தார் என்பதையும் சேர்த்து நினைக்கும்போதுதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. கல்லெழுத்தில் ஒரு புள்ளியைக் கூட்டவும் துணியாத கை, வானத்தில் மேகத்தைத் தாராளமாக எழுதுகிறது. அவர் மனத்தில் ஓர் எல்லைக்கோடு இருந்திருக்க வேண்டும். அதை எங்கே போட்டார் என்று நான் ஊகித்துப் பார்ப்பதுண்டு. பிரான்ஸ் தேசத்தில் குஸ்தாவ் லெ கிரே இதே கஷ்டத்துக்கு வேறு பரிகாரம் கண்டார்: கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ், இரண்டையும் தொடுவானத்தில் பொருத்தி ஒரே படம். அவர் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள், வெவ்வேறு கடல்களின் மேல் ஒரே மேகக்கூட்டம் நிற்பதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். 2020-இல் ஃபோட்டோஷாப் வானத்தை மாற்றுவதற்கென்றே ஒரு வசதியைச் சேர்த்தபோது செய்தது லெ கிரேயின் காரியத்தைத்தான். வானங்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன, ஒன்றைத் தொட்டால் போதும். நம் ஊர் மனிதர் யாருக்காவது அதைச் செய்து காட்டினால் படம் நன்றாயிருக்கிறது என்பார், ஆனால் எந்த மாதம் என்றும் கேட்பார். ஆடியில் கொடைக்கானல் மலைக்கு மேல் மேகம் திரண்டு, செம்பட்டிச் சமவெளியின் தலைக்கு மேலாகக் காற்றோடு ஓடி, ஒரு தூற்றல்கூடப் போடாமல் கிழக்கே சிறுமலைப் பக்கம் போய்விடுகிற வானத்தை ஆயுள் முழுக்கப் பார்த்தவர் அவர். அந்த வானம் வரிசையில் இல்லை.

ஸ்டூடியோக்காரர்கள் 'டச்சிங்' என்று சொன்ன கலை, டிரைப்பின் கல்லெழுத்துக்கும் அவர் மேகத்துக்கும் இடையில் எங்கோ இருந்தது. கண்ணாடிப் பலகைக்கடியில் விளக்கைப் போட்டு, நெகட்டிவை அதன்மேல் சாய்த்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் கன்னத்துப் பள்ளத்தை நிரப்புவார்கள். அதிகமானதைக் கத்தி முனையால் சுரண்டுவார்கள். சுரண்டியதைத் திரும்பப் பெற முடியாது, ஆதலால் கை தயங்கித் தயங்கி நடந்தது. இறந்தவரை நாற்காலியில் சார்த்தி உட்காரவைத்துக் குடும்பத்தோடு எடுத்த படங்களில் மூடிய இமைமேல் கண்ணை எழுதித் திறந்துவிடுவதும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப் பிரதி செய்து பாதுகாத்தபோது, ஆவணம் என்ற முறையில், பூஞ்சையையும் பூச்சி அரிப்பையும் சீர்செய்யாமல் அப்படியே பதிவு செய்தார்கள். அது ஆவணக்காரரின் தர்மம், எனக்கு அது பூரணமாகச் சம்மதம். ஆனால் எழுதிய கண்ணைப் பார்த்து அழுத குடும்பத்தின் நியாயமும் ஒன்று இருக்கிறது. சினிமாவில் பார்த்தால், 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'உத்தம புத்திர'னில் பி.யு. சின்னப்பா இரட்டை வேஷத்தில் தோன்றினார். அந்நாளில் இரட்டை வேஷத்துக்கு லென்ஸில் பாதியை மறைத்து ஒரு முறையும், ஃபிலிமைப் பின்னுக்குச் சுற்றி மறு பாதியை மறைத்து ஒரு முறையும் எடுப்பார்கள்; நம் மென்பொருளின் லேயர் மாஸ்க் அந்த மறைப்பின் சந்ததிதான். அங்கே ஓட்டையை நிரப்புவது யார் என்றால், அதே மனிதர். வெளியிலிருந்து கடன் இல்லை.

கடன் என்ற சொல் வந்துவிட்டது. நான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்ததும் அதைத்தான் என்று நினைக்கிறேன். ஓட்டையை நிரப்புவது மெய்யா பொய்யா என்று கேட்டுக்கொண்டிருந்த வரையில் எனக்கு ஒன்றும் தெளியவில்லை. எதைக்கொண்டு நிரப்பினோம் என்று கேட்டபோது சற்றுத் தெளிந்தது. குளோன் ஸ்டாம்பில் நானே இடத்தைத் தொட்டு எடுக்கிறேன். கூட்டல் குறி சாட்சி. 2002-இல் வந்த ஹீலிங் பிரஷ், தொட்ட இடத்தின் சொரசொரப்பை எடுத்துக்கொண்டு நிறத்தையும் வெளிச்சத்தையும் சுற்றுப்புறத்துக்கு இசைய மாற்றிவிடுகிறது. மேற்கு வெயில் பிரச்னையை அது எனக்குப் பாதி தீர்த்துவைத்தது. 2010-இல் வந்த கன்டென்ட் அவேர் ஃபில்லில் தொடுகிற வேலையும் நம்முடையதல்ல. படத்தின் மற்றப் பகுதிகளில் பொருத்தமான துண்டுகளை அதுவே தேடி ஒட்டுகிறது. இருந்தாலும் அந்த முற்றத்துக்குள்ளேயே தேடுகிறது. பெரியம்மா வீட்டுச் சுவருக்குப் பெரியம்மா வீட்டுச் சுவரே கடன் கொடுக்கிறது. 2023-இல் வந்த ஜெனரேட்டிவ் ஃபில்லில்தான் முற்றத்தின் வாசல் திறந்துகொள்கிறது. படம் இண்டர்நெட் வழியாகக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குப் போய், ஒன்றுக்கு மூன்று மாதிரியாகத் திரும்பி வருகிறது. எனக்கு மூன்று சுவர்கள் வந்தன. மூன்றும் நான் கட்டியதைவிட நன்றாக இருந்தன என்பதை ஒளிப்பதற்கில்லை. ஒன்றில் மழைக்கறைகூட இருந்தது, திருப்பிச் சொல்லாத கறை. தன் விற்பனைக் களஞ்சியத்திலுள்ள படங்களையும், உரிமம் பெற்றவற்றையும், காப்புரிமை காலாவதியானவற்றையும் கொண்டு அதைப் பயிற்றியதாகக் கம்பெனி சொல்கிறது. இருக்கட்டும், சட்டப்படி குறையில்லை. ஆனால் அந்தக் கறையை எந்தத் தேசத்து மழை எந்தச் சுவரில் இட்டது என்று கேட்டால், கம்பெனிக்கும் தெரியாது, கருவிக்கும் தெரியாது. ஏனெனில் அது எந்த ஒரு சுவரும் அல்ல. என் அசட்டுச் சுவரில் கை வைத்து, இது உரலுக்கு மேலிருந்து எடுத்தது, இது கொடிக்கு இப்பால் இருந்தது என்று என்னால் சொல்ல முடியும். சொல்லக் கூடியதாக இருப்பதுதான் எனக்கு வேண்டியிருக்கிறது. இதை ரசனை என்பதா, கிழப் பிடிவாதம் என்பதா என்று நிச்சயமில்லை. டிரைப்பின் மேகம் வெறும் கற்பனையாயினும் டிரைப்பின் கற்பனை என்றாவது சொல்லலாமே என்று தோன்றுகிறது.

இதையெல்லாம் ஒருநாள் இளைஞனிடம் சொன்னேன். அவன் மறுத்துப் பேசவில்லை. வேறொரு ஃபோல்டரைத் திறந்துவைத்தான். உள்ளே, கழுத்துக்கு மேல் ஒன்றுமில்லாத உடம்புகள்: பையில் பேனா செருகிய வெள்ளைச் சட்டை, கட்டம் போட்ட சட்டை, சஃபாரி, கோட்டும் டையும், பெண்களுக்குப் பட்டுச்சேலையும் காசுமாலையும். ரேஷன் கார்டுப் படத்தையோ ஆதார் படத்தையோ, கூட்டத்தில் எட்டிப் பார்த்த தலையையோ கொண்டுவருகிறவர்களுக்கு இதிலிருந்து ஓர் உடம்பைப் பொருத்திக் கொடுக்க வேண்டும். திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் இடையில் சாலையோரத்து அஞ்சலிப் பலகைகளில் ஒரே தோள் பல தலைகளைச் சுமந்து நிற்பதாக எனக்கு அடிக்கடி தோன்றியது பிரமையல்ல என்று அப்போது தெரிந்தது. லெ கிரேயின் மேகத்துக்குச் சொந்தக்காரன் நம் ஊரிலும் இருக்கிறான். "அப்ப இந்தச் சட்டைக்கு என்ன சார் சொல்வீங்க? உடம்பே இல்லாம தலைய மட்டும் வெச்சா அந்த வீட்டுக்காரங்க தாங்குவாங்களா?" என்றான். தாங்கமாட்டார்கள். என்னிடம் பதில் இல்லை என்று கண்டு அவனே தொடர்ந்தான்: ஒரு வீட்டில் மட்டும், இறந்தவருடைய சட்டையையே மகனைப் போட்டுக்கொண்டு வரச்சொல்லி, செல்ஃபோனில் எடுத்து, அந்த உடம்பின்மேல் அப்பாவின் தலையை வைத்தானாம். "அது கொஞ்சம் நல்லா வந்துச்சு சார். தோளு அதே தோளு." எல்லாருக்கும் அப்படிச் செய்ய நேரம் இல்லை, ராத்திரி இறந்தால் காலையில் பலகை வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டான். பாடங்களில் வருகிற எதையும்விட அவன் செய்த அந்தக் காரியத்தைத்தான் நான் சிருஷ்டி என்று சொல்வேன். சொன்னபோது அவன் நம்பவில்லை.

அன்றிலிருந்து நான் செய்துவருவது ஒன்றே ஒன்று. கடைகளில் ஃபைலைத் திறந்தால் லேயர்களின் பெயர்கள் லேயர் 1, லேயர் 1 காபி, லேயர் 1 காபி 2 என்று மென்பொருள் இட்டபடியே கிடக்கும். நான் என் முற்றத்துப் படத்தில் ஒவ்வொரு லேயருக்கும் அது வந்த இடத்தைப் பெயராகத் தட்டச்சு செய்தேன்: 'சுவர் – உரலுக்கு மேல்', 'காவிப் பட்டை – இடக்கோடி', 'கூரை நிழல் – நானே வரைந்தது'. இளைஞன் பார்த்துவிட்டுச் சிரித்தான். "பிரிண்டுக்கு ஜேபெக்காத்தானே சார் போகும்? எல்லா லேயரும் ஒண்ணாயிரும். அப்பறம் பேரு எங்க இருக்கும்?" வாஸ்தவம்தான், அச்சாகிற படத்தில் கடன் கொடுத்தவர்களின் பெயர் எதுவும் மிஞ்சுவதில்லை. பெரியம்மாவின் மகன், என் அண்ணன், முற்றத்துப் படம் தமக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டபோது, அச்சிட்ட பிரதியோடு, லேயர்கள் பிரிந்தே இருக்கும் மூல ஃபைலையும் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன். அவரிடம் ஃபோட்டோஷாப் கிடையாது. காசில்லாமல் கிடைக்கும் ஜிம்ப்பிலேயே அது திறக்கும், வலப்பக்கத்துப் பட்டியலில் பெயர்களைப் படித்துக்கொள்ளலாம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதோடு வைத்தேன்.